அகலக்கோண லென்சுக்கு ஆட்டத் தடுப்பு தேவையா? ஒரு சின்ன வரலாறு

ஓய்வு பெற்ற பிறகு கேமரா வாங்கும் நண்பர்கள் நம் வட்டத்தில் பெருகிவிட்டார்கள். வேலையில் இருந்தபோது நேரம் இல்லை, பணமும் இல்லை. இப்போது நேரம் இருக்கிறது, பிள்ளைகள் கேமராவும் வாங்கித் தருகிறார்கள். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்கிறார்கள். அண்மையில் இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"சார், கோயில், மண்டபம் எல்லாம் முழுசா விழணும்னு வைடு ஆங்கிள் லென்ஸ் வாங்கப் போறேன். ஸ்டெபிலைசர் இருக்கிறது ஒரு விலை, இல்லாதது ஒரு விலை. வைடு லென்சுக்கு அது எதுக்குன்னு ஒருத்தர் கேட்கிறார். இல்லாம வாங்காதீங்கன்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?"

இருவர் சொல்வதும் சரிதான். அவரவர் மனதில் இருக்கும் படம் வேறு. அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பழங்கதை தெரிய வேண்டும். அதனால் நேரே பதில் சொல்லாமல் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். வகுப்பு எடுத்த பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முக்காலியின் காலம்

1820களில் பிரான்சில் நியெப்ஸ் என்பவர் தம் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த காட்சிதான் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புகைப்படம். அதற்குப் பல மணி நேரம் ஒளி பட வேண்டியிருந்தது. கையில் பிடித்து எடுப்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

1838இல் டகேர் பாரிஸ் நகரின் ஒரு பெரிய வீதியை மாடியிலிருந்து படம் எடுத்தார். வண்டியும் ஆளுமாக இருந்திருக்க வேண்டிய வீதி. படத்தில் வீதி காலி. சில நிமிடங்கள் ஒளி பட வைத்ததால் நகர்ந்தவை எதுவும் தகட்டில் பதியவில்லை. ஓரத்தில் ஒருவர் மட்டும் தெரிகிறார். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஒரே இடத்தில் நின்றவர். கட்டடங்கள் எல்லாம் துல்லியம், மனிதர்கள் எல்லாரும் மாயம். இந்தப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இது மறுபடி வரும்.

பிறகு ஸ்டுடியோக்கள் வந்தன. உட்கார்ந்தவர் தலை ஆடாமல் இருக்க, பின்னால் ஓர் இரும்புக் கவ்வியை நிறுத்தித் தலையைப் பிடித்து வைத்தார்கள். அந்தக் காலத்துப் படங்களில் எல்லாரும் விறைத்துப்போய் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கேமரா முக்காலியில் நின்றது, எடுக்கப்படுபவர் கவ்வியில் நின்றார். ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு என்பதை அவர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள். ஒன்று கேமராவின் ஆட்டம், மற்றொன்று எதிரே இருப்பதன் ஆட்டம். இரண்டுக்கும் தனித்தனி மருந்து வைத்திருந்தார்கள்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1858இல் தஞ்சாவூர், மதுரை ஆகிய ஊர்களில் கோயில்களையும் மண்டபங்களையும் படம் எடுத்தார். நம் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இப்போது செல்போனில் "பனோரமா" என்று ஒரு பொத்தானில் செய்வதை அவர் மெழுகு ஏற்றிய காகித நெகடிவ்களை வைத்துச் செய்தார். முக்காலி இல்லாமல் அதில் ஒன்றுகூட நடந்திருக்காது.

கேமரா கைக்கு வந்தது

1871இல் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் உலர் தகட்டுக்கான வழியைச் சொன்னார். அதைப் பின்வந்தவர்கள் மேம்படுத்த, ஒளி பட வேண்டிய நேரம் நொடியின் பின்னங்களுக்கு இறங்கியது. முக்காலியை விட்டுக் கேமராவைக் கழற்றுவதற்கான வாசல் அப்போதுதான் திறந்தது.

அந்த வாசல் வழியே வெளியே வந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் ஆஸ்கர் பார்னாக். அவருக்கு ஆஸ்துமா. மலை நடையின்போது பெரிய தட்டுக் கேமராவையும் முக்காலியையும் சுமக்க முடியவில்லை. சினிமா பிலிமை வைத்துக் கைக்கு அடக்கமான கேமரா ஒன்றைச் செய்தார். முதல் மாதிரிகள் முதல் உலகப் போருக்குச் சற்று முந்தியவை. 1925இல் லைப்சிக் சந்தையில் லைக்கா என்ற பெயரில் அது வந்தது. உடல்நலம் குன்றிய ஒருவர் தம் சிரமத்துக்குத் தேடிய தீர்வு உலகத்துக்கே வழியானது. நம் வயதுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த முதல் லைக்காவில் 50 மி.மீ. லென்ஸ். 1930இல் லென்ஸை மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது, கூடவே 35 மி.மீ. அகலக்கோண லென்ஸும் வந்தது. கையில் பிடித்து எடுப்பவர்கள் அனுபவத்தில் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். குவியத்தூரம் எவ்வளவோ, அதைக் கீழே போட்டு மேலே ஒன்று போடு. 50 மி.மீ. லென்ஸ் என்றால் 1/50 நொடி. 200 என்றால் 1/200. 24 என்றால் 1/25 போதும். அதற்குக் கீழே போனால் முக்காலி வை. இது விதி இல்லை, கைப்பழக்கக் கணக்கு. ஆனால் முக்கால் நூற்றாண்டு ஓடியது.

நான் படம் எடுக்கத் தொடங்கியபோது ஆக்ஃபா க்ளிக் 3 என்ற கேமராதான். உங்களில் பலர் வீட்டிலும் அது இருந்திருக்கும். பிலிம் என்றால் கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ, அல்லது நம் ஊட்டியில் செய்த இந்து. எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் சொல்லிக் கொடுத்த பாடம் இன்றும் மறக்கவில்லை. "முழங்கையை விலாவோட ஒட்டு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. பொத்தானைக் குத்தாதே தம்பி, பிழி." அந்தக் காலத்தின் ஸ்டெபிலைசர் அவ்வளவுதான். விலை இல்லை, பேட்டரியும் வேண்டாம்.

வைடு லென்ஸை வைத்து அந்தக் காலத்தில் என்ன செய்ய முடிந்தது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். செக் நாட்டுப் புகைப்படக்காரர் யோசஃப் கூடெல்கா 1960களில் ரோமா மக்களின் குடியிருப்புகளில் போய்ப் படம் எடுத்தார். வீடுகள் சின்னவை, வெளிச்சமும் குறைவு. அவர் கையில் இருந்தது 25 மி.மீ. அகலக்கோண லென்ஸ். சின்ன அறைக்குள் நின்றே முழு அறையையும் அதில் வாழ்பவர்களையும் சேர்த்து எடுக்க அது உதவியது. அந்தப் படங்கள் 1975இல் புத்தகமாக வந்து பெரும் புகழ் பெற்றன. அந்த லென்சில் ஆட்டத் தடுப்பு என்று எதுவும் இல்லை. அப்படி ஒன்று வரும் என்று அன்று யாரும் நினைத்திருக்கவும் மாட்டார்கள்.

கரும்பலகைக் கணக்கு

இப்போது ஐந்து நிமிடம் கணக்கு. பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் கேமரா ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாய்வினால் பிலிமில் படம் எவ்வளவு நகரும்? சாய்ந்த கோணத்தைக் குவியத்தூரத்தால் பெருக்க வேண்டும். 200 மி.மீ. லென்சில் 0.35 மி.மீ. நகரும். 24 மி.மீ. லென்சில் 0.04 மி.மீ.தான் நகரும். அதே கை, அதே நடுக்கம். ஆனால் தூரத்துப் பறவையை எடுப்பவருக்கு எட்டு மடங்கு பாதிப்பு. வைடு லென்சுக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று சொல்பவர் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார். தப்பே இல்லை.

அந்த 0.04 மி.மீ. கண்ணுக்குத் தெரியுமா? இங்கேதான் காலம் குறுக்கே வருகிறது. பிலிம் காலத்தில் 0.03 மி.மீ. வரை மங்கலானாலும் அதைத் தெளிவு என்றே ஏற்றுக்கொண்டார்கள். போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டுவோம். நெகடிவை நாலு மடங்கு பெரிதாக்கினால் அந்த அளவு வந்துவிடும். 0.04 என்பது 0.16 ஆகும். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தால் லேசாக ஏதோ இருப்பதுபோலத் தோன்றும்.

இன்று என்ன செய்கிறோம்? பேரன் அந்தப் படத்தை டி.வி.யில் போடுகிறான். 43 அங்குல டி.வி. என்றால் 26 மடங்கு பெரிதாகிறது. அதே ஆட்டம் திரையில் ஒரு மி.மீ.க்கு மேல் வந்து நிற்கிறது. அல்லது கம்ப்யூட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். 24 மெகாபிக்சல் கேமராவின் முழு அளவு சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. அதாவது அந்த ஆட்டம் ஏழு பிக்சல் தூரம். கல்வெட்டு எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள அது போதும்.

ஆக, நம் கை மோசமாகவில்லை, நாம் பார்க்கும் விதம் கடுமையாகிவிட்டது. 1/25 போதும் என்ற பழைய கணக்கு போஸ்ட்கார்டுக்குப் பொருந்திய கணக்கு. டி.வி.க்குப் பொருந்தாது.

ஸ்டெபிலைசர் பிறந்த கதை

முதலில் சினிமாக்காரர்கள்தான் இதில் முந்தினார்கள். அமெரிக்காவில் காரெட் பிரவுன் என்பவர் கண்டுபிடித்த ஸ்டெடிகேம் 1976இல் படங்களில் வரத் தொடங்கியது. உடலில் கட்டிய சட்டையும், ஸ்பிரிங் வைத்த கையும், எடை சமன் செய்த தண்டும் சேர்ந்த கருவி. நடந்தாலும் ஓடினாலும் படம் மிதப்பதுபோல வரும். 1980இல் வந்த "தி ஷைனிங்" படத்தில் ஒரு சிறுவன் ஓட்டல் தாழ்வாரங்களில் மூன்று சக்கர வண்டியில் போவான், கேமரா பின்னாலேயே போகும். அந்தப் படத்தின் ஸ்டெடிகேம் காட்சிகளில் பெரும்பாலும் 18 மி.மீ. அகலக்கோண லென்ஸைத்தான் பயன்படுத்தினார்கள். நகரும் படம் என்றால் வைடு லென்சுக்கும் ஆட்டத் தடுப்பு வேண்டும் என்பது சினிமாவில் அப்போதே தெரிந்த விஷயம்.

புகைப்படத்தில் அது வந்தது 1990களில். 1994இல் நிக்கான் ஒரு சிறிய பிலிம் கேமராவில் அதை வைத்தது. 1995இல் கேனன் 75-300 மி.மீ. ஜூம் லென்சில் வைத்தது. லென்ஸ் மாற்றும் எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கு அதுதான் முதல். வேலை செய்யும் விதம் எளிமையானது. லென்சுக்குள் இரண்டு சின்ன ஜைரோ உணரிகள். ஒன்று மேலும் கீழுமான சாய்வையும், மற்றொன்று இடம் வலமான சாய்வையும் உணரும். ஒரு சில்லு கணக்குப் போடும். காந்தச் சுருள்கள் ஒரு கண்ணாடித் தொகுதியை எதிர்ப்பக்கம் நகர்த்தும். படம் இருந்த இடத்திலேயே நிற்கும்.

முதலில் ஏன் 300 மி.மீ. லென்சுக்கு? மேலே போட்ட கணக்குத்தான் காரணம். நோய் எங்கே அதிகமோ அங்கேதான் மருந்தும் முதலில் போகும். விளையாட்டும் காட்டு விலங்கும் எடுப்பவர்கள் வரவேற்றார்கள். அடுத்த பதினைந்து வருடத்தில் சாதாரண ஜூம்களுக்கு வந்தது. 2010இல் நிக்கான் 16-35 மி.மீ. அகலக்கோண ஜூமில் வைத்தது. 16 மி.மீ. லென்சில் இது எதற்கு, விலை ஏற்றவா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கட்டட உட்புறம் எடுப்பவர்கள் அப்படிக் கேட்கவில்லை.

2012: ஒரு கிளை வழி

நம் கேள்விக்கு நேராக வருவது 2012ஆம் வருடம். அந்த வருடத் தொடக்கத்தில் கேனன் 24 மி.மீ., 28 மி.மீ. என்று இரண்டு ஒற்றைக் குவிய லென்ஸ்களை அறிவித்தது. இரண்டிலும் ஆட்டத் தடுப்பு. வருடக் கடைசியில் 35 மி.மீ. ஒன்றும் வந்தது. இவற்றுக்கு முந்தைய பதிப்புகள் 1980களின் கடைசியிலும் 1990இலும் வந்தவை, எளிமையானவை, விலை மலிவு. புதியவற்றின் விலையைப் பார்த்துப் பலருக்கு அதிர்ச்சி. இந்தக் காசுக்கு இன்னும் அகலமாகத் திறக்கும் லென்ஸாகக் கொடுத்திருக்கலாமே என்றார்கள்.

கேனன் சொன்னது நான்கு படி லாபம் என்று. ஒரு படி என்றால் ஒளி இரண்டு மடங்கு. நான்கு படி என்றால் பதினாறு மடங்கு. 28 மி.மீ. லென்சில் 1/30 நொடி என்ற இடத்தில் அரை நொடி வரை கையிலேயே போகலாம். அல்லது ஐ.எஸ்.ஓ. 6400 வைக்க வேண்டிய இடத்தில் 400 வைக்கலாம். புள்ளி புள்ளியாக அழுக்குத் தட்டாமல் கல்லின் நிறம் சுத்தமாக வரும். துளையையும் அகலமாகத் திறக்க வேண்டியதில்லை. எஃப் 8 வைத்தால் முன்னால் இருக்கும் தூணும் கடைசித் தூணும் சேர்ந்து தெளிவாக விழும். மண்டபம் எடுப்பவருக்கு இதுதான் முக்கியம். அகலமாகத் திறக்கும் லென்ஸ் வெளிச்சத்தைக் கொடுக்கும், ஆனால் இந்த ஆழத்தைக் கொடுக்காது.

இன்னொரு காரணம் வீடியோ. 2008இல் எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கு வீடியோ வந்துவிட்டது. கையில் பிடித்து வீடியோ எடுத்தால் சின்ன நடுக்கமும் தெரியும்.

மூன்றாவது காரணம் முக்காலிக்குத் தடை. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். நம் பெரிய கோயிலும் அதில் சேர்த்தி. ட்ரைப் முக்காலியை நிறுத்திய இடத்தில் நாம் வெறும் கையோடு நிற்கிறோம். திருச்சுற்று மாளிகையில் மாலை வெளிச்சத்தில் ஒரு நண்பரின் 24 மி.மீ. லென்ஸை வாங்கி நான் முயன்று பார்த்தேன். ஆட்டத் தடுப்பை நிறுத்திவிட்டுக் கால் நொடியில் எடுத்தவை எல்லாம் கலங்கல். அதைப் போட்டுவிட்டு எடுத்தவற்றில் பெரும்பாலானவை தெளிவு. என் வயது எழுபத்து நான்கு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தூண்கள் செதுக்கினாற்போல இருக்கின்றன. நடுவில் நடந்து போன ஒரு குடும்பம் மட்டும் புகையாகக் கரைந்திருக்கிறது. பாரிஸ் வீதியில் டகேருக்கு நடந்தது அதுதானே? கேமராவின் ஆட்டத்துக்கு மட்டும்தான் இந்த மருந்து. எதிரே ஆடுபவருக்கு இதில் மருந்து இல்லை. ஸ்டுடியோக்காரர் இரும்புக் கவ்வி வைத்தாரே, அந்த வேலையை எந்த ஜைரோவும் செய்யாது.

கேமரா நிறுவனங்கள் சொல்லும் நான்கு படி, ஐந்து படி என்ற எண்களையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அதை அளக்க ஜப்பானில் கேமரா நிறுவனங்களின் சங்கம் ஒரு முறை வகுத்திருக்கிறது. கேமராவை அதிரும் மேடையில் வைத்து, அசையாத ஓர் அட்டையைப் படம் எடுப்பார்கள். அட்டை பேரன் மாதிரி குதிக்காது.

லென்சிலா, கேமராவிலா?

இதற்குள் இன்னொரு வழி வளர்ந்துகொண்டிருந்தது. 2003இல் மினோல்டா, லென்ஸை விட்டுவிட்டு சென்சாரையே நகர்த்தும் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் லென்ஸ் மாற்றும் கேமராவிலும் வைத்தது. அந்தத் தொழில் 2006இல் சோனிக்குக் கைமாறியது. 2012இல் ஒலிம்பஸ் ஐந்து வகை அசைவைத் தடுக்கும் கேமராவை விற்றது. 2014இல் சோனி அதை முழு அளவு சென்சாரில் செய்தது. 2018இல் நிக்கான், 2020இல் கேனன் என்று எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

வைடு லென்ஸ் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு தனி லாபம் இருக்கிறது. யாரும் அதிகம் சொல்வதில்லை, அதனால் விரித்துச் சொல்கிறேன். பொத்தானை அழுத்தும்போது கேமரா மேலும் கீழும் மட்டும் சாய்வதில்லை, வண்டிச் சக்கரம் மாதிரி லேசாகச் சுழலவும் செய்கிறது. வலது கை ஆள்காட்டி விரல் அழுத்துவதால் அந்தப் பக்கம் இறங்குகிறது. இந்தச் சுழற்சியால் வரும் கலங்கலுக்கும் குவியத்தூரத்துக்கும் சம்பந்தமில்லை. பத்தில் ஒரு டிகிரி சுழன்றால் படத்தின் மூலையில் 0.038 மி.மீ. நகரும். 200 மி.மீ. லென்சில் மற்ற ஆட்டம் 0.35 இருக்கும்போது இது பத்தில் ஒரு பங்கு, கவலை இல்லை. 24 மி.மீ. லென்சிலோ மற்ற ஆட்டமே 0.04தான். இதுவும் அதுவும் கிட்டத்தட்டச் சமம். லென்சுக்குள் இருக்கும் தொகுதி மேலே கீழே, இடம் வலம் நகரும். சுழற்சியை அதனால் ஈடுகட்ட முடியாது. சென்சாரைத் திருப்ப முடியும். ஆகவே வைடு லென்சைப் பொறுத்தவரை கேமராவுக்குள் இருக்கும் ஆட்டத் தடுப்பே முழுமையான மருந்து.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. வைடு லென்சில் மூலைப்பகுதி இழுபட்டு விழும் என்பது தெரியும், குழுப்படத்தில் ஓரத்தில் நின்றவர் அகலமாகிவிடுவார் அல்லவா? அதே காரணத்தால் கேமரா சாயும்போது மூலையில் படம் நடுவைவிட அதிகமாக நகர்கிறது. 24 மி.மீ. லென்சில் சுமார் 1.8 மடங்கு. 16 மி.மீ. என்றால் சுமார் 2.8 மடங்கு. சென்சார் நடுப்பகுதிக்குச் சரியாக நகர்ந்தால் மூலைக்குப் போதாது. நடந்துகொண்டே எடுத்த வைடு வீடியோக்களில் ஓரங்கள் ஜெல்லி மாதிரி நெளிவதை இப்போது கவனித்துப் பாருங்கள். காரணம் இதுதான்.

சட்டைப் பையில் இருப்பது

இதையெல்லாம் படித்துவிட்டு, எனக்குக் கேமராவே இல்லையே என்பவர்களுக்கும் ஒரு செய்தி. உங்கள் செல்போனின் முதன்மைக் கேமரா என்ன தெரியுமா? ஜூம் ஆகாத, ஒற்றைக் குவிய, அகலக்கோண லென்ஸ்தான். பழைய பிலிம் கணக்கில் 24 முதல் 28 மி.மீ.க்குச் சமம். 2012இல், கேனன் அந்த லென்ஸ்களைக் கொண்டுவந்த அதே வருடம், நோக்கியா தன் லூமியா 920 போனில் ஆட்டத் தடுப்பு வைத்தது. 2014இல் ஐபோன் 6 பிளஸ்சில் வந்தது. போனின் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, சேரும் ஒளி குறைவு. இருட்டில் நேரத்தை நீட்டித்தான் ஆக வேண்டும். வைடு லென்சுக்கு ஸ்டெபிலைசர் தேவையா என்ற வாதத்தை போன் தயாரித்தவர்கள் தேவை என்று முடித்துவிட்டார்கள். நாமும் நமக்குத் தெரியாமலே அதைத் தினமும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். 2018க்குப் பிறகு பல படங்களைச் சட்டென்று எடுத்து ஒன்றாக்கும் இரவு முறைகளும் பரவிவிட்டன.

சரி, வாங்கலாமா?

கேட்ட நண்பர்களுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கேமராவுக்குள்ளேயே ஆட்டத் தடுப்பு இருந்தால், வைடு லென்சில் அதற்காகத் தனியே காசு கொடுக்க வேண்டாம். பழைய எஸ்.எல்.ஆர். வைத்திருந்து, கோயில், சிற்பம், மண்டபம் என்று அசையாதவற்றை எடுப்பவர் என்றால் கொடுக்கலாம். முக்காலி தூக்கும் வயது நமக்குத் தாண்டிவிட்டது, தூக்கினாலும் வைக்க விட மாட்டார்கள். கையில் பிடித்து வீடியோ எடுப்பவருக்கும் உதவும். பூ, நாணயம், பழைய கடிதம் என்று கிட்டத்தில் போய் எடுப்பவருக்கும் உதவும், கிட்டே போகப் போக ஆட்டம் பெரிதாகும்.

பேரப்பிள்ளைகள், கல்யாணம், கோலாட்டம் இவைதான் உங்கள் படங்கள் என்றால் அந்தக் காசை அகலமாகத் திறக்கும் லென்சில் போடுங்கள். உட்கார்ந்து பேசுபவருக்கே 1/60 நொடியாவது வேண்டும், ஓடும் குழந்தைக்கு 1/250க்குக் குறையக் கூடாது. அந்த வேகத்தில் 24 மி.மீ. லென்ஸ் ஆடவே ஆடாது. ஸ்டெபிலைசர் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டும் வேண்டும் என்பவருக்கு 2015இல் டாம்ரான் 35 மி.மீ. எஃப் 1.8 லென்சில் ஆட்டத் தடுப்பையும் சேர்த்துக் கொடுத்தது. அதுபோல இப்போது வேறு சிலவும் உண்டு. பை கனக்கும், பர்ஸ் இளைக்கும்.

கை நடுங்குகிறது, இனிமேல் எனக்கு எதற்குக் கேமரா என்று ஒரு நண்பர் சொன்னார். இதை எழுத அதுதான் உண்மையான காரணம். வயதுக்கேற்ற சின்ன நடுக்கம் என்றால் இந்தக் கருவிகள் நன்றாகவே தாங்கும், அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். நடுக்கம் பெரிதாக இருந்தால் நகர வேண்டிய தூரம் அவற்றின் எல்லையைத் தாண்டிவிடும். அப்போது தூணில் சாய்ந்துகொள்ளுங்கள், கைப்பிடிச் சுவரில் கேமராவை வையுங்கள், இரண்டு நொடி டைமரைப் போட்டு விரலை எடுத்துவிடுங்கள். ஒன்றுக்கு நாலாக எடுங்கள், பிலிம் செலவு இல்லை. வைடு லென்ஸ்தான் நடுங்கும் கையை அதிகம் மன்னிக்கும் லென்ஸ் என்பதை மேலே கணக்காகவே பார்த்தோம். ஆகவே அதில் தொடங்குங்கள்.

அந்த நண்பர் கேமராவைப் பீரோவிலிருந்து எடுத்துவிட்டதாகப் போன வாரம் சொன்னார். தாராசுரம் போகிறாராம். படங்கள் வந்ததும், அவர் சம்மதித்தால் இங்கே போடுகிறேன்.